ஒரு நூல் நெருக்கம்

"கண்ணு தெரியலையா உனக்கு? இல்ல, வேலையே தெரியாதா?"

தோட்டத்து அண்ணன் போட்ட சத்தத்தில், பட்டறை வாசலில் தன் பைக்குக்காகக் காத்திருந்தவர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் தலை நிமிரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பிரேக் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குன்றுமேல் இருக்கும் பழத்தோட்டத்துக்காக அவர் வாங்கிய வண்டி அது. பைக் மாதிரி கைப்பிடி, டிராக்டர் மாதிரி நாலு தடித்த சக்கரம். ரோடே இல்லாத இடத்திலும் ஏறும். மாதம் ஒரு முறை பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சரிபார்க்க இங்கே கொண்டுவருவார். கூடவே அவர் மனைவியும் வருவார். மெக்கானிக் அவரை அண்ணன் என்பான், மனைவியை அண்ணி.

"இந்தப் பிரேக் பிடியைப் பாரு. மாசா மாசம் கைப்பிடிக்குக் கிட்ட கிட்ட வருது. என் கை என்ன பொம்மைக் கையா? ரெண்டு விரலால இழுத்தா மத்த ரெண்டு விரலும் நடுவில மாட்டி நசுங்குது."

"பார்க்கிறேண்ணே."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

மெக்கானிக் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தான். சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணி மட்டும் தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"தம்பி, அந்த வண்டியோட பிரேக் எனக்கு எட்டல. விரல் நுனிதான் படுது. உங்க அண்ணனுக்குத் தெரியாம கொஞ்சம் கிட்ட கொண்டுவர முடியுமா?"

"நீங்க ஓட்டப் போறீங்களா அண்ணி?"

"அவருக்கு நெஞ்சுவலி வந்தது தெரியுமில்ல? ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோட நின்னுடுச்சு, மேல வர வழியில்ல. ஒரு கையால நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால அவரேதான் வண்டியை இறக்கினார். நான் பின்னால உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. இன்னொரு தடவை அப்படி வந்தா, நான்தான் ஓட்டணும்."

"அவர்கிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா விடுவாரா? உனக்கு சைக்கிளே வராதும்பார். நீயும் சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்றான். அன்றிலிருந்து மாதம் ஒரு நூல் அளவு. ஒரே தடவையில் நெருக்கினால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார் என்று, வண்டி வரும்போதெல்லாம் திருகாணியைத் துளி திருப்பிப் பிடியை உள்ளே கொண்டுவந்தான். பிடி கைப்பிடியில் இடிப்பதற்கு முன்பே பிரேக் முழுசாகப் பிடிக்கிறதா, அழுத்தும் கட்டைவிரலை எடுத்ததும் ஆக்சிலேட்டர் துள்ளித் திரும்புகிறதா என்று பத்துத் தடவை பார்த்த பிறகுதான் வண்டியை விடுவான்.

இப்போது மாட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு நான் இங்கேயே நிக்கிறேன்," என்றார் அண்ணன். "என் கண்ணு முன்னால பிடியைப் பழையபடி வெளியே தள்ளி வை. இல்லேன்னா அடுத்த மாசம் வண்டி வேற பட்டறைக்குப் போகும்."

"டாக்டர் உங்களைக் கத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்றார் அண்ணி மெல்ல.

"நான் எங்க கத்துறேன்? பேசிட்டிருக்கேன்."

பைக்குக்காகக் காத்திருந்தவர் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தான். கை ஓடவில்லை. பிடியை வெளியே தள்ளினால் அண்ணிக்கு எட்டாது. குன்றின் இறக்கத்தில் பிரேக் எட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, இப்படியே ஒரு மாசம் ஓட்டிப் பாருங்களேன். பழகிடும்."

"நல்லா இருக்கே கதை. சட்டையைச் சின்னதா தைச்சுட்டு, உடம்பைக் குறைச்சுக்கோன்னு டெய்லர் சொல்ற மாதிரி." மனைவி பக்கம் திரும்பினார். "இவன்கிட்ட பேசித் தொண்டை வறண்டு போச்சு. எதிர்க் கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாயேன்."

அண்ணி எழுந்தார். போகிறபோது மெக்கானிக்கைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது.

அவர் தெருவைத் தாண்டும்வரை அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் வந்து குந்தினார். குரல் அடியோடு இறங்கியிருந்தது.

"மத்தியானம் நான் தூங்கிட்டேன்னு நினைச்சு வண்டியை எடுக்கிறா, தம்பி. ஜன்னல் வழியா தினமும் பார்க்கிறேன். முதல் வாரம் வேலியில கொண்டுபோய் விட்டா. இப்ப மேட்டுல ஏத்தி இறக்குறா."

மெக்கானிக் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "அப்புறம் எதுக்குண்ணே என்னை இவ்வளவு திட்டுறீங்க?"

"பிடி கிட்ட வந்ததுக்கு நான் வாயைத் திறக்காம இருந்தா, எனக்கு எல்லாம் தெரியும்னு அவ கண்டுபிடிச்சுடுவா. அப்புறம் எதுக்கு வண்டி ஓட்டப் பழகுறேன்னு நான் கேட்கணும், அவ சொல்லணும். அந்தப் பேச்சு எங்க ரெண்டு பேராலயும் முடியாது. அடுத்த மாசமும் வந்து திட்டுவேன். மனசுல வச்சுக்காதே."

அப்படியானால் பிடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைக்கப் போனான்.

அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வைக்காதே. அவ வர்றதுக்குள்ள இன்னும் ஒரு நூல் உள்ளே கொண்டுவா. இறக்கத்துல இப்பவும் உடம்பைச் சாய்ச்சுத்தான் பிரேக்கைப் பிடிக்கிறா."