குறிகளை மட்டும்

"அர்த்தத்தைப் பார்க்காதேங்கோ அம்மா, குறிகளை மட்டும் திருத்துங்கோ" என்றான் லண்டனிலிருந்து மகன் நிக்சன். "என்னோட வேலை செய்யிற பெடியன் ஒருத்தன்ர அகதி விண்ணப்பம்."

வங்காலையில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த பிலோமினா, அவன் அனுப்பியதை பிறிண்ட் எடுத்து வைத்திருந்தாள். ஃபோனைக் காதில் அணைத்தபடி சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"'கையைக் கட்டினார்கள், தலைகீழாகத் தொங்கவிட்டார்கள்.' ரெண்டும் முழு வசனம், நடுவில 'அண்ட்' இல்லை. கமா மட்டும் போதாது, செமிகோலன் போடவேணும்."

"ஓம் அம்மா."

"'கம்பியைக் காய்ச்சி முதுகில் வைத்தார்கள், நான் மயங்கிவிட்டேன்.' இதுக்கும் செமிகோலன்தான்."

அடுத்த வரியை அவள் சத்தமாக வாசிக்கவில்லை.

"இவன்ர தாய்க்கு இது தெரியுமோ?"

"தெரியாதாம். பிடிபட்டிருந்த ரெண்டு வருசமும் அவன் கொழும்பில வேலை செய்தவன் எண்டுதான் அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா. அவவுக்குத் தெரியவும் கூடாதாம்."

"சரி. நான் சொல்லமாட்டன்."

கடைசிப் பக்கம்வரை திருத்தி முடித்தாள்.

கொழும்பு வேலையை விட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விமானம் ஏறும்வரை, நிக்சன் கிணற்றடியில் ஒருநாளும் சட்டையைக் கழற்றிக் குளித்ததில்லை.