கடைசி உதை

குண்டு குழாயில் இறங்கும் சத்தம் கேட்டதும், வாயில் கடித்திருந்த முந்தானையை எடுத்தாள்.

வெடித்தது.

கப்பலின் அடித்தகடு உதை வாங்கியது. சுவர், குழாய், பல், எல்லாம் அதிர்ந்தன. அந்த அதிர்வுக்குள் வாய்விட்டு அழுதாள்.

அதிர்வு அடங்கியது.

முந்தானை திரும்ப வாய்க்குள் போனது.

குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் ஜெனோ தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா இவ்வளவு நேரம் குளிக்கிறாளே என்று அவளுக்குத் தோன்றியதில்லை. ஆறு வயசு. தோன்றுகிற வயசும் இல்லை.

பூமியை விட்டுக் கிளம்பியதிலிருந்து இப்படித்தான். அடியில் ஓர் அணுகுண்டு வெடிக்கும். அது விடுகிற உதையில் கப்பல் முன்னே பாயும். அப்புறம் இன்னொன்று. சண்டிமாட்டைக்கூட யாரும் இப்படி உதைத்து ஓட்டியதில்லை என்று வளவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

வளவு என்றால் வேறொன்றுமில்லை. எதிரும் புதிருமாகச் சில அறைகள், நடுவே ஒரு நடை. அதிகாரிகள் அதற்கு ஏதோ எண் கொடுத்திருந்தார்கள். தூத்துக்குடிச் சனத்துக்கு அது வளவுதான். ஓர் அறையில் தாளித்தால் அடுத்த அறையில் தும்முவார்கள். சுவர் அவ்வளவு கனம்.

அந்தச் சுவரில் காதை வைப்பதுதான் பக்கத்து அறை பிலோமிக்குக் காலைச் செபமும் மாலைச் செபமும்.

கேட்க விஷயம் இல்லாமலா. இவளுடைய மூத்தவன் ரெமி, தோளுக்கு மேல் வளர்ந்த பையன். பிறவியிலேயே இதயம் பழுது. இத்தனை உதையைத் தாங்காது என்று ஏறும் நாளுக்கு முன்பே டாக்டர்கள் பேரை அடித்துவிட்டார்கள். அவனைத் தனியே விட முடியாது. சின்னவளைத் தனியே அனுப்பவும் முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொண்டார்கள்.

சின்னவளோடு இவள் ஏறினாள்; மூத்தவனோடு புருஷன் கீழே நின்றுவிட்டான். சிரித்துக்கொண்டே கையசைத்தாள் என்பதுதான் வளவால் செரிக்க முடியாத சங்கதி.

"நானா இருந்தா ஏணியிலயே திரும்பி எறங்கியிருப்பேன், மதினி" என்று பிலோமி எதிர் அறைக்காரியிடம் சொன்னாள். நடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். இரண்டு படி இறங்கினாலே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனுஷி அவள்.

அது காதில் விழுந்தும் இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சு இல்லை, கருங்கல் என்றார்கள்.

ஒருநாள் பிலோமி சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளிடம் வாங்க முடியாததைக் குழந்தையிடம் கறக்கலாமே.

"ஏட்டி, ஒங்க அண்ணன் எப்ப வாரான்?"

"அடுத்த கப்பல்ல. அம்மா சொல்லிச்சு."

அடுத்த கப்பல் கிடையாது. இருந்த குண்டையெல்லாம் இதில்தான் ஏற்றியிருந்தார்கள். வளவில் அது தெரியாதவர் ஜெனோ ஒருத்திதான்.

பிலோமி வாயைத் திறந்தாள். மூடினாள். ஒரு முறுக்கை எடுத்துக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் மூடியது அதுதான் முதல் தடவை.

ஒலிபெருக்கி இரைந்தது. இன்னும் ஒரே ஒரு குண்டு. அதோடு வேண்டிய வேகம் வந்துவிடும். பிறகு கப்பல் தன்னால் மிதந்துபோகும். நடையில் கைதட்டினார்கள்.

குளியலறையில் ஜெனோவின் அம்மா கணக்காகத்தான் யோசித்து வைத்திருந்தாள். இந்த ஒன்றில் மிச்சத்தையெல்லாம் அழுதுவிட வேண்டும். முகத்தைக் கழுவ வேண்டும். அதோடு முடிந்தது.

குழாயில் குண்டு இறங்கியது.

வெடித்தது.

அழுதாள்.

அதிர்வு அடங்கியது. சுவர் நின்றது. தண்ணீர் தளும்பாமல் நின்றது. கப்பல் தன்னைத்தானே சுற்றுகிற சுற்றில் கால் மட்டும் மிதக்காமல் தரையில் நின்றது. கிளம்பியதிலிருந்து கேட்டிராத ஓர் அமைதி. கைக்குழந்தையைத் தூங்கப்போடலாம், அவ்வளவு மெத்தென்று இருந்தது.

இனி உதை இல்லை.

இனி எந்த இதயமும் தாங்கும்.

அவள் நிறுத்தத்தான் பார்த்தாள். முடியவில்லை. தன் குரல் இவ்வளவு பெரியதென்று அன்றுதான் தெரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் பென்சில் உருள்வது கேட்டது.

"அம்மா?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் அழுகை வந்தது.

"அம்மா, யாரு அழுறா?"

அப்போது பக்கத்துச் சுவரில் எதுவோ மோதி, தரையில் விழுந்து, உருண்டு ஓடியது. பெரிய பாத்திரமாக இருக்க வேண்டும்.

ஜெனோ திடுக்கிட்டு எழுந்தாள்.

எதிர் அறையில் ஒரு தட்டு விழுந்தது. அதற்குமப்பால் ஒரு நாற்காலி. யாரோ கரண்டியால் குழாயை அடித்தார்கள்.

நடையிலிருந்து பிலோமியின் குரல், சுவரே தேவையில்லாத குரல்:

"ஏட்டி ஜெனோ, வெளிய வா! குண்டு தீந்துபோச்சுல்லா, இனி நாமதான் கப்பலத் தள்ளணும். இந்தா, இந்தத் தட்டக் கீழ போடு. யாரு போட்டா சத்தம் பெருசுன்னு பாப்பம்."

சின்னக் கால்கள் ஓடின.

தட்டு விழுந்தது. ஜெனோ கெக்கலித்துச் சிரித்தாள்.

"ஊஹூம், பத்தாது. இன்னும் ஓங்கிப் போடு."

விழுந்தது.

வளவு முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி விடவில்லை.