மலைப்பாம்பின் வயிற்றில்

துடியலூர் பாம்புப் பண்ணையின் மலைப்பாம்புக்கு, ஆராய்ச்சி மாணவி அன்புச்செல்வி மூன்றாவது முறையாக மருந்தை மாற்றினாள். கழிவில் ஒட்டுண்ணிகள் குறையவே இல்லை. மருந்தின் கடுமையில் பாம்புதான் மெலிந்துகொண்டே போனது.

"நீங்க கூண்டை ஒழுங்காக் கழுவறதே இல்லைங்க!" என்று பண்ணை முதலாளி கண்ணையாவிடம் எரிந்து விழுந்தாள்.

"ஏனுங்க அம்மணி, தெனமும் கழுவிப்போட்டுத்தானுங்க மறுவேலை."

எரிச்சல் தாங்காமல், அந்த ஒட்டுண்ணி எந்த இனம் என்று மரபணுவை வைத்துச் சொல்லும்படி கழிவின் மாதிரியை ஹைதராபாத் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஃபேக்ஸில் பதில் வந்ததும் பண்ணைக்கு ஓடினாள்.

"இது பாம்போட ஒட்டுண்ணியே இல்லைங்க, எலியோடது. பாம்பு தின்ன எலியோட வயித்துல இருந்தது அப்படியே வெளிய வருது. பாம்புக்கு ஒரு நோவும் இல்லை. மருந்து குடுத்தே கொன்னிருப்பேன்!" அவளுக்குக் கண் கலங்கியது. "இந்தச் சீக்கு எலிகளை எவன்கிட்டங்க வாங்குறீங்க?"

கண்ணையா தயங்கினார்.

"வெளிய வாங்குறதை உட்டு வருசமாச்சுங்க அம்மணி. சுத்தமான எலியாத் திங்கட்டும்னு உங்க புரொபசர்தானுங்க வாரா வாரம் குடுத்தனுப்பறாரு. நீங்க லேப்புல வளத்தற எலிங்க."