முதல்தரக் கெண்டைக்கால்

எழுபத்தெட்டு வயது குலசேகரனின் கெண்டைக்காலைச் சுற்றி, மூத்தோர் தசைவள மதிப்பீட்டு ஆணையம் மாட்டிவிட்ட பட்டை ஒன்று இருக்கிறது. மாதத்தின் முதல் நாள் அது வாய் திறக்கும்.

"வாழ்த்துகள் ஐயா! சுற்றளவு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். தங்கள் தசைவளம் முதல்தரம். ஆகவே, தங்களைத் தூக்கி உட்காரவைக்க வரும் உதவியாளர் நாளை முதல் நிறுத்தப்படுகிறார்."

படுத்த படுக்கையாக இருந்த முதல்தரம், மனைவியைப் பார்த்தது.

"யோவ் பட்டை, இது சதையா? நீர் கோத்துக்கிட்டு வீங்கிக் கெடக்கு!" என்று சௌந்தரம் அவர் காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"குழியை அளக்க எனக்கு அனுமதி இல்லை, அம்மா. சுற்றளவு மட்டும்தான்."

"விடு சௌந்தரம். பள்ளிக்கூடத்துல கூட எனக்கு யாரும் முதல்தரம் குடுத்ததில்ல," என்றார் குலசேகரன், மூச்சு வாங்க.

மறுநாள் யாரும் வரவில்லை. சௌந்தரம் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பாதி எழுந்ததும் இருவரும் கட்டிலிலேயே சரிந்தார்கள். எழ முடியவில்லை.

மாத முதல் நாளாக இல்லாவிட்டாலும், பட்டையால் பூரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒரே நாளில் அரை சென்டிமீட்டர் வளர்ச்சி! உடற்பயிற்சியைத் தொடருங்கள், ஐயா!"