ரோகிணியின் முதுகு

மழை விட்ட மத்தியான வெளிச்சத்தில், தங்கை வீட்டு ஐரிஸ் பூப்பாத்தி ஊதாவாக மினுங்குகிறது. தங்கையின் போன் அணைந்தே கிடப்பதால் பார்த்துவரக் கிளம்பிய அக்காள், தோட்டக்காரி, பழக்க தோஷத்தில் குனிந்து ஒவ்வொரு செடியையும் தொட்டுக் கூப்பிடுகிறாள்: துருவன், சுவாதி, அருந்ததி. இருவரும் சேர்ந்து வைத்த நட்சத்திரப் பெயர்கள். "பகல்ல வானத்துல காணாமப் போறதெல்லாம் நம்ம பாத்திக்குத்தான்க்கா வருது" என்று தங்கை சிரிப்பாள். ரோகிணியிடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. ஐரிஸ் கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே வெயில் காய வேண்டும், மூடினால் அழுகிவிடும். அக்காளும் தங்கையும் முதுகு தெரியத்தான் நடுவார்கள். இங்கே கிழங்கையே காணோம். புதுமண் மேடிட்டு, செருப்புக் காலால் மிதித்து இறுக்கப்பட்டிருக்கிறது.

"ரோகிணிய யாரு மாப்பிள்ளை மாத்தி நட்டது?" என்கிறாள், தலை நிமிராமல்.

சமையலறை ஜன்னலுக்குள் தங்கையின் கணவன் கை கழுவிக்கொண்டிருக்கிறான். குழாய்ச் சத்தம் நிற்கிறது. "அவதான்க்கா. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவளே நட்டுட்டுப் போனா."

ஈரமண்ணில் புதைந்த விரல்களை அவள் மெல்ல உருவிக்கொள்கிறாள்.

"நல்லாத்தான் நட்டிருக்கா" என்கிறாள்.

உள்ளிருந்து பின்கதவின் தாழ்ப்பாள் விலகுகிறது.