கை பட்டால் நிற்கும் மெஷின்

'நில்லு தாயே, ஒரே ஒரு தரம் நில்லு' என்று அங்காளம்மாள் மனசுக்குள் மெஷினைக் கெஞ்சினாள்.

நேற்றுவரை நின்றுவிடாதே என்று கெஞ்சிய அதே மெஷின்தான்.

இரும்பு வளையத்தில் நம்பர் பொறிக்கிற மெஷின் அது. பொறித்த வளையம் வெளியே வந்ததும் பச்சைப் பட்டனை அழுத்தினால் அடுத்தது உள்ளே போகும். கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பெனியில் யார் உட்கார்ந்தாலும் ஓடுகிறது. இவள் உட்கார்ந்தால் மட்டும் திடீரென்று செத்துப்போகிறது.

சூப்பர்வைசர் கோபால் எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தார். ஸ்டூலை மாற்றிப் பார்த்தார். கடைசியில் கை ராசி சரியில்லை, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவளுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் பால் திரிந்தாலும் கையைத்தான் திருப்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் லேப்டாப்போடு அஸ்வினி உட்கார்ந்திருந்தாள். மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவள் அவள். தன் கண்ணெதிரே நின்றால்தான் காரணத்தைப் பிடிக்க முடியும் என்று சொல்லியிருந்தாள்.

பூசாரியைப் பார்த்த பேய் மாதிரி மெஷின் காலையிலிருந்து ஒழுங்காக ஓடியது. அங்காளம்மாள் பயந்து பயந்து அழுத்திக்கொண்டிருந்தாள். கோபால் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அஸ்வினி சும்மா பேச்சுக் கொடுத்தாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஆரம்பாக்கம் மேடம். ரயில்ல எங்க எடம் கெடைக்குது? ஒத்தக் கால்ல நின்னுக்கினுதான்..."

பேச்சில் பயம் மறந்துபோனது. கை தன் பாட்டுக்கு ஓடியது. மெஷின் நின்றது.

அஸ்வினி கைதட்டிச் சிரித்தாள். மெஷின் நின்றதற்குச் சிரிக்கிற பெண்ணை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

வளையம் வெளியே வந்த செய்தியும் பட்டன் செய்தியும் ஒரே கணத்தில் டிரைவருக்குள் நுழைந்தால், ஒன்றை மற்றது அழித்துவிடுகிறதாம். குளியலறைக்குத் தாழ்ப்பாள் வைக்காத கதைதான். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவர் காத்திருக்கிற மாதிரி அஸ்வினி டிரைவருக்குள் ஒரு பூட்டு போட்டாள்.

அப்புறம் ஷிப்ட் முடியும்வரை மெஷின் நிற்கவே இல்லை. அங்காளம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது.

கோபாலுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அதெல்லாம் சரி மேடம். மத்தவங்க கையில ஏன் ஒரு தபாகூட நிக்கல?"

அஸ்வினி லேப்டாப்பை மூடினாள்.

"அவங்க நிதானமா அழுத்தறாங்க சார். இவ்ளோ வேகமான கைய வெச்சு நாங்க டெஸ்ட் பண்ணவே இல்ல."