உள்ளே கேட்ட சிரிப்பு

உள்ளே சக்திகுமார் சிரித்தான்.

பாத்ரூம் கதவுக்கு வெளியே துணி வாளியோடு நின்ற வேல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் இரண்டு மாதமாகச் சிரிக்காத மனுஷன், போனில் யாரிடமோ எப்படிக் குழைகிறான் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட கையின் ஈரம் காயவில்லை, அதற்குள் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். இருபது நிமிடம் ஆகிறது.

சென்னையை அடுத்த படப்பையில் அந்தக் காம்பவுண்டில் நாலு குடித்தனம். நாலுக்கும் ஒரே பாத்ரூம், தகரக் கதவு. உள்ளே இருமினால் தெருவுக்குக் கேட்கும். அங்கே போய் ரகசியம் பேசுகிறான் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே ஆள் ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தான். பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகளாகப் புடைத்து, ஒன்று வீங்கிச் சீழ் வைத்திருந்தது. ஒன்பது நாள். ஒன்பது நாளும் உட்கார்ந்தபடியே தூங்கியவள் இவள். இன்னொரு தடவை வயிறு என்று படுத்தால் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சொந்த ஊர் கோவில்பட்டிக்கே போய்விடலாம் என்று அங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். சுத்தமாகக் குணமாகிவிட்டதாம்.

குணமானதும்தான் கொழுப்பு ஏறிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். முடிவுகட்டக் காரணம் இல்லாமலா? வாசலுக்கே வருகிற கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, அரை மணி முன்னாலேயே ஷேர் ஆட்டோவில் போகிறான். யாரோடு? பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் இன்னொரு பேண்ட், கவரில் சுற்றி வைத்திருக்கிறான். எங்கே போய் மாற்றுகிறான்? ஊருக்குப் போவோமா என்றால், அடுத்த மாதம் கம்பெனியில் மெடிக்கல் டெஸ்ட் முடிந்தால் வேலை பெர்மனென்ட் என்கிறான். பெர்மனென்ட்டாம்! இந்த ஊரை விட்டு வர மனசில்லை, அதுதான் சங்கதி.

எதிர் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஜாஸ்மின் தலையைத் தூக்கினாள்.

"இன்னா வேல்விழி, உன் வூட்டுக்காரு உள்ள போனா யார்கூடதான் இவ்ளோ நேரம் சிரிச்சிகினு கீறாரு?"

ஜாஸ்மினுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் பாபு வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். கம்பெனியில் சக்திகுமாரின் லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர். அவனும் நிமிர்ந்து பார்த்தான். மானம் கப்பலேறியது.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. வேல்விழி தன் போனை எடுத்து அவன் நம்பரை அமுக்கினாள். பிஸி என்று வரட்டும், தகரக் கதவு இருக்காது.

நீங்கள் அழைக்கும் எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல்.

உள்ளே அவன் ஆமாம் ஆமாம், அப்புறம் என்று பேசிக்கொண்டிருந்தான்.

மறுபடி அமுக்கினாள். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். உள்ளே மறுபடியும் சிரிப்பு.

இந்தத் தடவை காதைக் கொடுத்துக் கேட்டாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் இழுத்துப் பிடித்து, மெலிந்து, பல்லுக்குள் போய் அறுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், தலையணையைக் கடித்துக்கொண்டு போட்ட சத்தம்.

வாளியைக் கீழே வைத்தாள்.

புண் ஆறினாலும் சிலருக்கு மாதக்கணக்கில் வயிறு இழுத்துப் பிடிக்கும், திடீர் திடீரென்று வயிற்றால் போகும் என்று டாக்டர் சொல்லியனுப்பியது இப்போது ஞாபகம் வந்தது. கம்பெனி பஸ் நடுவில் எங்கும் நிற்காது. ஷேர் ஆட்டோ தட்டினால் நிற்கும், பெட்ரோல் பங்க் கக்கூஸ் பக்கத்தில்கூட. பேண்ட் எதற்கு என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனை ஏன் அணைத்துவைத்தான்? பொய்ப் பேச்சுக்கு நடுவில் நிஜமாகவே யாராவது கூப்பிட்டு மணி அடித்துவிட்டால்?

அட பாவி மனுஷா. எவளோ ஒருத்தி இருந்து தொலைத்திருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அப்போது உள்ளேயிருந்து சிரிப்பு வரவில்லை. நேரான முனகல் வந்தது.

பாபுவின் கையில் துணி நின்றது. கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தான். இன்றைக்கு இவன் காதில் விழுந்தால் நாளைக்கு ஆபீஸில் இருக்கும். மெடிக்கலாவது, பெர்மனென்ட்டாவது.

வேல்விழி இன்னொரு தடவை அமுக்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு காம்பவுண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"எங்க மதினி கான்பரன்ஸ் போட்டிருக்காவக்கா. அவுக பேசுற பேச்சுக்கு வயித்த வலிக்குது!"

ஜாஸ்மின் கீரைக்குத் திரும்பினாள். பாபு வண்டிக்குத் திரும்பினான்.

உள்ளே முனகல் நின்றது.

நாளைக்கு லீவு போட வைத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஊருக்குப் போகிற பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் இன்னும் உரக்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரித்தால் வருவதுதானே.

கொஞ்ச நேரம் கழித்து, தகரத்துக்கு அந்தப் பக்கம், அவனும் மெல்லச் சிரித்தான்.

காதில் வைத்த போனில் அந்தப் பெண் அதையே இப்போது இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்.